வேர்ட்பிரஸ் அப்டேட்டுக்குப் பிறகு தளம் படுத்துவிட்டதா? திரையில் தெரிவதை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

அப்டேட் பட்டனை அழுத்தினீர்கள், சக்கரம் சுற்றியது, அப்புறம் தளம் காணாமல் போனது. முதல் வேலை: மறுபடி அதே பட்டனை அழுத்தாதீர்கள். பழைய பேக்கப்பை அவசரமாக மேலே ஏற்றவும் வேண்டாம். இப்போது உடைந்து கிடக்கும் நிலையையே, கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்த்து, அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். உடைந்ததை எதற்கு நகல் எடுப்பது என்று தோன்றும். அரை மணி நேரம் கழித்து நீங்கள் செய்த ஏதோ ஒன்று இன்னும் மோசமாக்கிவிட்டால், திரும்பி வர ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான்.

இங்கே கோப்புப் பெயர்களையும் பிழை வரிகளையும் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன், சர்வரில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், கண்டுபிடிப்பது கடினமில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் லாக்கை, அதாவது பிழைகள் பதிவாகும் கோப்பை, திறந்துகொள்ளுங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் "இதற்குக் கீழே திருத்த வேண்டாம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரி இருக்கும். அதற்கு மேலே டபிள்யூபி_டீபக் என்பதை ட்ரூ ஆக்குங்கள், டபிள்யூபி_டீபக்_லாக் என்பதையும் ட்ரூ ஆக்குங்கள், டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளே என்பதை மட்டும் ஃபால்ஸ் ஆக்குங்கள். மூன்றாவதை மறந்தால் பிழைச் செய்திகள் எல்லாம் வாசகர் பார்க்கும் பக்கத்திலேயே கொட்டும். இனி தளத்தை ஒருமுறை திறந்தால், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் டீபக் லாக் என்ற கோப்பு உருவாகியிருக்கும். திரையில் தெரிவதை வைத்து ஊகிப்பதைவிட அந்தக் கோப்பின் கடைசிப் பத்து வரிகள் அதிகம் சொல்லும். நான் அதைத் திறக்காமல் ஊகத்தில் வேலை பார்த்து ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன், கடைசியில் பார்த்தால் பிழை இருந்த வரி எண் வரை அதில் எழுதியிருந்தது.

"பராமரிப்பில் உள்ளது, ஒரு நிமிடம் கழித்து வாருங்கள்" என்றே நிற்கிறது

பயப்பட ஒன்றுமில்லை. அப்டேட் நடக்கும்போது வேர்ட்பிரஸ் தளத்தின் மூல ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற ஒரு கோப்பை வைக்கும், முடிந்ததும் அதுவே எடுத்துவிடும். நடுவில் இணைப்பு அறுந்தாலோ சர்வரின் நேர வரம்பு தாண்டினாலோ எடுக்க ஆள் இல்லாமல் கோப்பு அங்கேயே கிடக்கும். அதை அழித்தால் போதும். புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டு என்று அமைப்பில் சொல்ல வேண்டும்.

அந்தக் கோப்புக்குள் அப்டேட் தொடங்கிய நேரம் எழுதியிருக்கும், 10 நிமிடம் கடந்துவிட்டால் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு மணி நேரம் கழித்தும் அதே செய்தி வருகிறது என்றால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கேஷில், அதாவது வேகத்துக்காகச் சேமித்துவைத்த நகல்களில், உறைந்துபோன பழைய பக்கம். கேஷைக் காலி செய்யுங்கள்.

ஆனால் செய்தி போய்விட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதியில் நின்ற அப்டேட் பாதிக் கோப்புகளைப் புதிதாகவும் மீதியைப் பழையதாகவும் விட்டிருக்கலாம். கட்டளைத் திரை கிடைக்கும் ஹோஸ்டிங் என்றால் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் வெரிஃபை-செக்சம்ஸ் கட்டளை எந்தெந்தக் கோப்பு மாறுபடுகிறது என்று சொல்லிவிடும். அது இல்லையென்றால் கையால் ஏற்றும் வழி கீழே இருக்கிறது.

வெள்ளைத் திரை, அல்லது "இந்தத் தளத்தில் ஒரு கடுமையான பிழை"

இரண்டும் ஒரே நோய்தான். 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்புக்கு முன்னால் வெறும் வெள்ளைத் திரை மட்டும் வரும், அதற்குப் பிறகு ஒரு வாக்கியமாவது எழுதிக் காட்டுகிறார்கள். அதே பதிப்பில்தான் ரெகவரி மோடும் வந்தது: பிழை நேர்ந்ததும் தளத்தின் நிர்வாகி மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் போகும், எந்தப் ப்ளகின் அல்லது தீம் விழுந்தது என்று அதில் இருக்கும், கூடவே உள்ளே நுழைய ஒரு இணைப்பும் இருக்கும். அந்த இணைப்பு வழியாகப் போனால் பிழையான ப்ளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்படும். வாசகர்களுக்குத் தளம் இன்னும் விழுந்தேதான் கிடக்கும், உள்ளே போய் நீங்கள் அந்தப் ப்ளகினை முடக்கினால்தான் எல்லோருக்கும் சரியாகும். இது புரியாமல் "எனக்கு ஓடுகிறதே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

கடிதம் வரவே இல்லையா? ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். நிர்வாகி முகவரியே எப்போதோ தளம் அமைத்துக் கொடுத்தவருடையதாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ரெகவரி_மோட்_இமெயில் என்ற மாறிலியை டபிள்யூபி-கான்ஃபிக்கில் போட்டு வேறு முகவரி கொடுக்கலாம், ஆனால் கடிதம் இயல்பாக நாளுக்கு ஒன்றுதான் போகும், அதனால் உடனே வரும் என்று காத்திருக்காமல் லாக்குக்கு வாருங்கள்.

லாக்கில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும், பார்த்ததும் தலை சுற்றும். டெப்ரிகேட்டட், நோட்டீஸ், வார்னிங் என்று தொடங்கும் வரிகளை இப்போதைக்குத் தாண்டிப் போங்கள், அவை தளத்தை வீழ்த்துபவை இல்லை. ஃபேட்டல் எரர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஓர் உதாரணம்: "ஃபேட்டல் எரர்: அன்காட் எரர்: கால் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் கிரியேட்_ஃபங்ஷன்", அதன்பின் ஒரு நீளமான கோப்புப் பாதை, முடிவில் 212 என்று ஒரு வரி எண். பாதையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். டபிள்யூபி-கன்டென்ட், அதற்குள் ப்ளகின்ஸ், அதற்கு அடுத்து வரும் ஃபோல்டர் பெயர்தான் குற்றவாளி. ப்ளகின்ஸ் இருக்கும் இடத்தில் தீம்ஸ் என்று வந்தால் தீம். டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் என்று வந்தால் அவசரப்பட்டு வேர்ட்பிரஸைக் குறை சொல்ல வேண்டாம், அதற்குக் கீழே எண் போட்டு வரிசையாக வரும் வரிகளில் இறங்கிப் பாருங்கள், நாலைந்து படி கீழே ஏதாவது ஒரு ப்ளகினின் பெயர் பெரும்பாலும் கிடைக்கும்.

மேலே சொன்ன உதாரணத்தில் வேர்ட்பிரஸ் அப்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரியேட்_ஃபங்ஷன் என்பது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஹெச்பியின் 8.0 பதிப்பு வந்தபோது நீக்கப்பட்ட ஒன்று. 2020 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பு, அதுவரை முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்ட பல தவறுகளை நேரடியாக ஃபேட்டல் ஆக்கியது. நடப்பது இதுதான்: வேர்ட்பிரஸை உயர்த்துகிறோம், டாஷ்போர்டு "உங்கள் பிஹெச்பி பழையது" என்கிறது, சரி என்று அதே மூச்சில் அதையும் உயர்த்துகிறோம், அல்லது ஹோஸ்டிங் தரப்பில் அவர்களே மாற்றியிருக்கிறார்கள், பத்து வருடமாக யாரும் தொடாத ஒரு ப்ளகின் அங்கே விழுகிறது. பழி மட்டும் வேர்ட்பிரஸுக்கு. ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் பிஹெச்பியை ஒரு படி இறக்கிப் பாருங்கள். தளம் எழுந்துவிட்டால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, அந்தப் ப்ளகினை மாற்றிவிட்டு மேலே வர வேண்டியதுதான். எதிர்த்திசையும் உண்டு: வேர்ட்பிரஸ் 6.6 பிஹெச்பி 7.2.24க்குக் கீழே ஏறவே ஏறாது.

லாக்கில் "அலவ்ட் மெமரி சைஸ் ஆஃப் 134217728" என்று வந்தால் அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம், அது 128 எம்பி. டபிள்யூபி_மெமரி_லிமிட் என்பதை 256எம் ஆக்கிப் பாருங்கள். அப்போதும் அதே எண் வந்தால் சர்வரின் உச்சவரம்பே அதுதான், ஹோஸ்டிங்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். 512 கொடுத்தும் போதவில்லை என்றால் நினைவகத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, ஏதோ ஒரு ப்ளகின் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

லாக்கே உருவாகவில்லை, டாஷ்போர்டும் திறக்கவில்லை என்றால் ப்ளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், கடைசியில் ஓர் எழுத்து சேர்த்தால்கூடப் போதும். எல்லா ப்ளகினும் ஒரே அடியில் நிற்கும். உள்ளே நுழைந்து ப்ளகின் பட்டியல் பக்கத்தை ஒருமுறை திறங்கள், கோப்புகளைக் காணோம் என்று வேர்ட்பிரஸ் எல்லாவற்றையும் முடக்கப்பட்டதாகக் குறித்துக்கொள்ளும். பிறகு ஃபோல்டர் பெயரைப் பழையபடி ஆக்கிவிட்டு இயக்கத் தொடங்குங்கள். 30 ப்ளகின் இருந்தால் ஒவ்வொன்றாகப் போகாதீர்கள். முதலில் பாதி, விழுந்தால் அந்தப் பாதியில் பாதி, ஐந்து சுற்றில் ஆள் அகப்படுவார்.

ஒரு கண்ணி இருக்கிறது. ஃபோல்டர் பெயரை மாற்றினாலும் நிற்காத சில உண்டு: எம்யூ-ப்ளகின்ஸ் என்ற தனி ஃபோல்டரில் இருப்பவை, அப்புறம் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் தனியாகக் கிடக்கும் ஆப்ஜெக்ட்-கேஷ், அட்வான்ஸ்ட்-கேஷ், டிபி ஆகிய கோப்புகள். கேஷ் ப்ளகினை எப்போதோ நீக்கியிருப்பீர்கள், அது விட்டுப்போன கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். "எல்லா ப்ளகினையும் நிறுத்திவிட்டேன், இன்னும் பிழை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டேட்டாபேஸை அப்டேட் செய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது

பட்டனை அழுத்துகிறீர்கள், முடிந்தது என்கிறது, தொடர்ந்தால் மறுபடி அதே பக்கம். வேர்ட்பிரஸ் தன் கோப்புகளில் உள்ள டேட்டாபேஸ் எண்ணையும் டேபிளில் டிபி_வெர்ஷன் என்று பதிந்துள்ள எண்ணையும் ஒப்பிடுகிறது, இரண்டும் பொருந்தாதவரை விடாது. எண் மாறிய பிறகும் கேட்கிறது என்றால் ரெடிஸ் அல்லது மெம்கேஷ்டு என்ற கேஷ் மென்பொருள் பழைய எண்ணையே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்ஜெக்ட்-கேஷ் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எண் மாறவே இல்லை என்றால் டேட்டாபேஸ் பயனருக்கு எழுதவோ டேபிளை மாற்றவோ அனுமதி இல்லாமல் இருக்கலாம், அல்லது வட்டு நிரம்பியிருக்கலாம்.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது, அல்லது ஏதேதோ குறிகள்

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர்கள் இதை அதிகம் சந்திப்பதில்லை, அதனால் இதற்கு நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. இரண்டு அறிகுறிகளும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றை மீட்க முடியும், இன்னொன்றை முடியாது.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு, ஆக 15 பைட். டேட்டாபேஸ் இணைப்பு லத்தீன்1, அதாவது ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறை, என்று நினைத்துக்கொண்டு படித்தால் அந்த மூன்று பைட்டும் மூன்று தனி எழுத்தாகத் தெரியும். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ முதலில் வந்து, அதன்பின் பதிவு பெற்ற வணிகக்குறி மாதிரி ஒரு வட்டம் வந்து, அப்புறம் ஏதாவது ஒரு குறி, இப்படியே பக்கம் முழுக்க ஓடினால் சந்தோஷப்படுங்கள், உங்கள் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் முறைதான் தப்பு.

டபிள்யூபி-கான்ஃபிக்கில் டிபி_சார்செட் என்று எழுத்துமுறையைச் சொல்லும் வரியைப் பாருங்கள். மிகப் பழைய தளங்களில் அந்த வரியே இருக்காது. அப்டேட்டின்போது யாராவது மாதிரிக் கோப்பிலிருந்து புது டபிள்யூபி-கான்ஃபிக் உருவாக்கியிருந்தால் யூடிஎஃப்8 அல்லது யூடிஎஃப்8எம்பி4 என்ற வரி புதிதாக நுழைந்திருக்கும், அந்த நிமிடம் பழைய பதிவுகள் எல்லாம் குப்பையாகத் தெரியும். பழைய கோப்பில் இருந்தபடியே மாற்றினால் எழுத்து திரும்பி வந்துவிடும். அந்த இடைவெளியில் புதுப் பதிவு எதுவும் போடாதீர்கள், போட்டால் ஒரே டேபிளில் இரண்டு விதமான எழுத்துமுறை கலந்துவிடும், அதைப் பிரிப்பது தனிச் சித்திரவதை.

கேள்விக்குறி என்றால் உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் பிஹெச்பி-மைஅட்மினில் ஒரு பதிவின் தலைப்பை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷன் வழியாகக் கேளுங்கள். 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது, அங்கே மீட்க ஒன்றும் இல்லை, பேக்கப்தான் கதி. பேக்கப்பை ஏற்றும்போது எழுத்துமுறையைக் குறிப்பிடாமல் ஏற்றினால் இப்படி ஆவது உண்டு, அப்படியானால் மூல பேக்கப் கோப்பு நன்றாகவே இருக்கும், யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி மறுபடி ஏற்றுங்கள். இ0 ஏஇ, இ0 ஏஎஃப் என்று வந்தால் தமிழ் நலம். சி3 ஏ0 என்று தொடங்கினால் இரண்டு தடவை மாற்றப்பட்ட எழுத்து, அதையும் திருப்ப முடியும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, நல்ல பைட்டுகள் லத்தீன்1 என்று குறித்த டேபிள் நெடுவரிசையில் இருந்தால் அந்த நெடுவரிசையை முதலில், எழுத்துமுறை பார்க்காமல் வெறும் பைட்டாக வைக்கும் பிளாப் வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 உரை வகைக்கு மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் மைஎஸ்க்யூஎல் உதவி செய்வதாக நினைத்து ஒவ்வொரு பைட்டையும் இன்னொரு முறை பெயர்த்துவிடும். நகல் டேட்டாபேஸில் செய்து பார்த்துவிட்டுத்தான் உண்மையானதைத் தொடுங்கள். நடுவில் "கீ வாஸ் டூ லாங், 767 பைட்ஸ்" என்று ஒரு பிழை வரலாம். எம்பி4 ஓர் எழுத்துக்கு 4 பைட் ஒதுக்குவதால் பழைய டேபிளின் இன்டெக்ஸ் அந்த வரம்பைத் தாண்டுகிறது. வேர்ட்பிரஸ் 4.2 முதல் இன்டெக்ஸை 191 எழுத்தோடு நிறுத்துவது இதனால்தான், உங்கள் டேபிளிலும் அப்படியே குறைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பு திறக்கிறது, உள்ளே எதைத் தொட்டாலும் 404

அமைப்புகளில் பெர்மாலிங்க், அதாவது பதிவுகளின் முகவரி அமைப்பு, பக்கத்துக்குப் போய், எதையும் மாற்றாமல் சேமி பட்டனை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். சரியாகவில்லை என்றால் அப்பாச்சி சர்வரில் ஹெச்டிஆக்சஸ் கோப்பு காணாமல் போயிருக்கும் அல்லது எழுத அனுமதி இருக்காது, என்ஜின்எக்ஸ் என்றால் டிரை_ஃபைல்ஸ் வரியைப் பாருங்கள்.

நீளமான தமிழ்த் தலைப்பின் முகவரி பாதியில் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்து அப்டேட்டைத் திட்டாதீர்கள். முகவரியைச் சேமிக்கும் டேபிள் நெடுவரிசையில் 200 இடம்தான், ஒரு தமிழ்க் குறியீடு முகவரியில் 9 இடத்தை விழுங்கும், 22 குறியீட்டோடு கதை முடிந்தது. அது முன்பும் அப்படித்தான் இருந்தது, நீங்கள் இன்றுதான் கவனிக்கிறீர்கள்.

பதிவைச் சேமித்தால் "ஜேசன் பதில் சரியில்லை" என்கிறது

2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டர், பழையது மாதிரிப் படிவம் அனுப்புவதில்லை, ஜேசன் என்ற வடிவில் சர்வரோடு தகவல் பரிமாறும் ரெஸ்ட் ஏபிஐ வழியாகப் பேசுகிறது. உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து நெட்வொர்க் பகுதியை வைத்துக்கொண்டு சேமியுங்கள், தோற்றுப்போன கோரிக்கையின் எண்ணைப் பாருங்கள். 403 என்றால் பாதுகாப்பு ப்ளகின் அல்லது சர்வரின் ஃபயர்வால் மறிக்கிறது. 404 என்றால் மேலே சொன்ன பெர்மாலிங்க் வைத்தியம். 200 என்று வந்தும் பிழை என்றால் பதிலையே திறந்து படியுங்கள், ஜேசனுக்கு முன்னால் டெப்ரிகேட்டட் என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளேவை ஃபால்ஸ் ஆக்கச் சொன்னேனே, மறந்திருந்தால் இப்படித்தான் பழிவாங்கும்.

தளம் வருகிறது, ஆனால் மெனு திறக்கவில்லை, படங்கள் நகரவில்லை

முதலில் எல்லாக் கேஷும்: உலாவி, கேஷ் ப்ளகின், சிடிஎன், அப்புறம் எல்லோரும் மறக்கும், பிஹெச்பியின் ஓபிகேஷ். அப்படியும் சரியாகவில்லை என்றால் டெவலப்பர் கருவியின் கன்சோலில் சிவப்பு வரியைப் பாருங்கள். "லைவ் இஸ் நாட் எ ஃபங்ஷன்" போல வந்தால் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் விவகாரம். 2020 ஆகஸ்டில் 5.5 பதிப்பு, பழைய நிரல்களைத் தாங்கிப்பிடித்த ஜேக்வெரி மைக்ரேட்டை நிறுத்தியது, டிசம்பரில் 5.6 ஜேக்வெரியையே 3.5.1க்கு உயர்த்தியது. பல வருடம் தூங்கிய தளத்தை ஒரே தாவலில் உயர்த்தும்போது இரண்டும் சேர்ந்து அடிக்கும். தீமுக்குப் புதுப் பதிப்பு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் தீமை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அப்டேட்டே போகவில்லை

எஃப்டிபி கடவுச்சொல் கேட்கிறது என்றால் கோப்புகளின் உரிமையாளர் வேறு, பிஹெச்பி ஓடும் பயனர் வேறு. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 வைத்து உரிமையாளரைச் சரி செய்யுங்கள். 777 போட்டால் உடனே ஓடும், நாளைக்கு வேறு யாராவது உள்ளே வந்து ஓட்டுவார்கள். "இன்னொரு அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது" என்றால் 15 நிமிடம் காத்திருங்கள், பூட்டு தானாகத் திறக்கும். அவசரமென்றால் ஆப்ஷன்ஸ் டேபிளில் கோர்_அப்டேட்டர் லாக் என்ற வரியை நீக்கலாம்.

கையால் ஏற்றுவது இப்படி: புதுப் பதிப்பின் ஜிப்பை இறக்கிப் பிரியுங்கள், சர்வரில் டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் இரண்டு ஃபோல்டரையும் முழுதாக அழித்துவிட்டுப் புதியவற்றை ஏற்றுங்கள், மூல ஃபோல்டரின் கோப்புகளை மேலெழுதுங்கள். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரையும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பையும் தொடவே கூடாது, உங்கள் படங்களும் தீமும் கடவுச்சொல்லும் அவற்றில்தான் இருக்கின்றன. அழிக்காமல் மேலேயே ஏற்றினால், புதுப் பதிப்பில் நீக்கப்பட்ட பழைய கோப்புகள் உள்ளேயே தங்கிவிடும்.

ஒன்றும் சரிவரவில்லை

மூன்று மணி நேரம் ஆகியும் லாக்கில் பிடி கிடைக்கவில்லை என்றால் பின்வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் கோப்புகளை மட்டும் பழையதாக்கிவிட்டு டேட்டாபேஸைப் புதியதாக விடாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்த ஜோடியாக இருக்க வேண்டும். டேட்டாபேஸைப் பின்னால் இழுத்தால் அதற்குப் பிறகு வந்த கருத்துகளும் ஆர்டர்களும் போய்விடும், விற்பனைத் தளம் என்றால் முதலில் அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் அந்த உடைந்த நகலை வேறு ஒரு சப்டொமைனில் எழுப்பி, நிதானமாக அங்கே நோண்டுங்கள், வாசகர் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தளம் எழுந்ததும் டீபக்கை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு அந்த லாக் கோப்பையும் அழியுங்கள். முகவரி தெரிந்த யாரும் அதை உலாவியிலேயே திறந்து படிக்க முடியும், உங்கள் சர்வரின் கோப்புப் பாதைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.